பக்கத்து மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. நான் செஞ்சதுல எது தப்பு?

பழைய டர்னர்:

மூணு வாரம் ஆச்சு. இன்னும் யார்கிட்டயும் முழுசா சொல்லல. இங்க மெஷின்ல நிக்கறவங்களும் வைத்தியம் தெரிஞ்சவங்களும் இருக்கீங்கன்னு தெரியும், அதான் எழுதறேன். நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

லேத்துல, அதாவது இரும்பைச் சுத்த விட்டுக் கடையற மெஷின்ல, பதினாறு வருஷமா நிக்கறேன். எனக்கு அடுத்த மெஷின்ல ஒரு பையன், வந்து எட்டு மாசம். கெட்டிக்காரன். அன்னைக்கு 50 எம்.எம். ஷாஃப்ட் ஒண்ணு, உருண்டைத் தண்டு, டர்னிங் முடிஞ்சு பாலிஷ் மட்டும் பாக்கி. 600 ஆர்.பி.எம்.ல ஓட விட்டு, எமரி பட்டையை, அந்தச் சொரசொரப்பான தேய்க்கற துணியை, ஷாஃப்டைச் சுத்திப் போட்டு ரெண்டு முனையையும் இழுத்துப் பிடிச்சிருந்தான். எமரி சுடுதுன்னு கையில கிளவுஸ். நான் அதைப் பாத்தேன். பாத்துட்டு, இந்த ஜாப் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு திரும்பிட்டேன். இதை முதல்லயே சொல்லிடறேன். ராத்திரி கண்ணை மூடினா முதல்ல வர்றது இதுதான்.

அவன் கத்தினானான்னே தெரியல, எனக்கு ஒண்ணும் கேக்கல. துணி கிழியற மாதிரி ஒண்ணு, பின்னாலயே மோட்டார் லேசா முனகினது, அவ்வளவுதான் கேட்டுது. திரும்பினேன். நாலு எட்டு தூரம். கால் வரல. மூணு செகண்டா அஞ்சு செகண்டா தெரியல, அப்படியே நின்னேன். அப்புறம் போய் ஸ்டாப் பட்டனை அடிச்சா, ஷாஃப்டைக் கவ்விச் சுத்தற சக் அது பாட்டுக்கு ஓடுது. கால் பிரேக்கை மிதிச்சேன். அது மாசக்கணக்கா பாதிதான் பிடிக்கும், எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கும் பாதிதான் பிடிச்சுது.

கிளவுஸ் ஷாஃப்டுல சுருண்டு கிடந்தது. கை வெளிய வந்துடுச்சு, சுண்டு விரலும் மோதிர விரலும் கிளவுஸுக்குள்ளயே நின்னுடுச்சு. முன்கை உள்பக்கம் கிழிஞ்சு ரத்தம் விட்டு விட்டுப் பீச்சுது. அவனைத் தரையில உக்கார வச்சு, கிடைச்ச துணியை வச்சு ரெண்டு கையாலயும் அழுத்தினேன். துணி நனைஞ்சு விரல் இடுக்குல வழியுது. யாரோ செப்புக் கம்பியை நீட்டி "கட்டு"ன்னாங்க. வேண்டாம்னேன். பெல்ட் குடுத்தாங்க, அது இறுகவே இல்ல. கடைசியில ஒருத்தர் சட்டைக் கையைக் கிழிச்சு, முழங்கைக்கு மேல கட்டி, முடிச்சுல 17 நம்பர் ஸ்பேனரைச் செருகித் திருகினேன். நின்னுடுச்சு. பையன் அப்பதான் கத்த ஆரம்பிச்சான், "அண்ணே விடுங்கண்ணே, விடுங்கண்ணே"ன்னு.

இப்ப என் சந்தேகம். எங்க சீனியர் ஒருத்தர் "பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தளர்த்தணும், இல்லாட்டி கை அழுகிடும்"னு சொல்லவும் ரெண்டு தடவை தளர்த்தினேன். ரெண்டு தடவையும் குபுகுபுன்னு வந்துது. இன்னொருத்தர் மெயினை ஆஃப் பண்ணி, கியரை நியூட்ரல்ல போட்டு, சக்கைக் கையால பின்பக்கமா சுத்தி கிளவுஸைப் பிரிச்சு எடுத்தார். விரல் ரெண்டையும் ஒரு டப்பாவுல ஐஸ் கட்டிக்கு நடுவுல போட்டுக் குடுத்தாங்க.

கை தப்பிச்சுது. நரம்பும் தசைநாரும் தச்சிருக்காங்க. விரல் ஒட்டல. டாக்டர் காரணம் சொன்னார், என் தலையில ஏறல.

நான் தளர்த்தினதாலயா? ஐஸாலயா? அந்த அஞ்சு செகண்டாலயா?

---

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்:

டர்னர் சார், இருபது வருஷத்துக்கும் மேல கை ஆபரேஷன் நடக்கிற தியேட்டர்ல நின்னவள் நான். ஒவ்வொண்ணா சொல்றேன்.

விரல் ஒட்டாததுக்குப் பெரிய காரணம், அது வெட்டுப்படலை, பிடுங்கப்பட்டது. ரம்பத்திலோ கத்தியிலோ நறுக்குன்னு போன விரல்ல ரத்தக்குழாயோட முனை சுத்தமா இருக்கும், மைக்ராஸ்கோப்பை வச்சுத் தைக்கலாம். இழுத்துப் பிய்ச்சா அப்படி இல்லை. குழாய் முதல்ல ரப்பர் மாதிரி நீளும், உள்சுவர் பல இடத்துல கிழியும், அப்புறம்தான் அறும். வெளியே பார்க்க நல்லா இருக்கிற குழாய் உள்ளே நூலாப் போயிருக்கும். தைச்சாலும் ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும். கிளவுஸ் சுத்தி இழுத்த விரலைப் பொருத்துறது ரொம்பக் கஷ்டம். இது மெஷின் செஞ்சது, சார்.

ஐஸ் தப்புதான், அதை மறைக்க மாட்டேன். விரல் நேரா ஐஸ் மேல பட்டா திசு உறைஞ்சு செத்துடும். சுத்தமான துணியை சலைன்ல, இல்லாட்டி நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, விரலை அதுல சுத்தணும். அதைத் தண்ணி புகாத பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கக் கட்டணும். ஐஸும் தண்ணியும் கலந்த பாத்திரத்துல அந்தக் கவரை மிதக்க விடணும். குளிர்ச்சி வேணும், ஐஸ் தொடக்கூடாது. விரல்ல தசை கிடையாது, அதனால தாங்கும். சரியாக் குளிர வச்சா ஒரு நாள் கழிச்சுக்கூடப் பொருத்த முயற்சி பண்றாங்க, குளிர வைக்காட்டி 12 மணி நேரம் வரைக்கும். மணிக்கட்டுக்கு மேல போனா தசை நிறைய, அங்க குளிர வைக்காம 6 மணி நேரம்கிறதே எல்லை. நசுங்கிப் போச்சு, இது எதுக்கு ஆகும்னு தூக்கிப் போடாதீங்க. விரலே ஒட்டாட்டியும் அதோட தோல் உதவும். ஒரு துளி தோல்ல தொங்கிட்டிருந்தா அதை அறுக்கவும் வேண்டாம்.

தளர்த்தினதும் தப்பு. ஆனா அதனால கை போகலை, விரலும் போகலை. அந்தப் பையனுக்குக் கொஞ்சம் ரத்தம் கூடுதலாப் போச்சு. "பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்"ங்கிறது பழைய பாடம், இன்னும் சாக மாட்டேங்குது. தளர்த்தினா உறைஞ்சு அடைக்க ஆரம்பிச்சது பிச்சுக்கும், ரத்தம் திரும்பக் கொட்டும். கை அழுகிடும்னு பயந்தீங்களே, கை ஆபரேஷன்ல நாங்களே மேல்கையில காத்து அடிக்கிற பட்டையைப் போட்டு ஒன்றரை மணி, ரெண்டு மணி நேரம் ரத்தத்தை நிறுத்தித்தான் வேலை பார்க்கிறோம். கட்டின மணியை நெத்தியிலயோ கையிலயோ பேனாவால எழுதுங்க, அப்படியே ஆஸ்பத்திரி வரைக்கும் விடுங்க. அவிழ்க்கிறது டாக்டர் வேலை.

சரியாச் செஞ்சதையும் சொல்லணும் இல்லையா? முதல்ல அழுத்தினீங்க. பெரும்பாலான ரத்தம் அதுலயே நிக்கும், நிக்காட்டித்தான் கட்டு. கம்பியை மறுத்தீங்க. கம்பியும் கயிறும் நரம்பை அறுக்கும், நாலு செ.மீ.க்குக் குறையாத அகலம் வேணும். காயத்துக்கு அஞ்சாறு செ.மீ. மேல, மூட்டு மேல படாம. பெல்ட் இறுகாதுங்கிறதும் உண்மை, தோல் மடங்காது, திருக வராது. அரைகுறையா இறுக்கினா இன்னும் மோசம். உள்ளே வர்ற ரத்தம் நிக்காது, திரும்பிப் போற சிரை மட்டும் அடைபட்டு ரத்தப்போக்கு கூடும். ஸ்பேனரால திருகி, பீச்சுறது நிக்கிற வரைக்கும் விடாம இருந்தீங்க. அவன் அப்பக் கத்தினதுக்குக் காரணம் கட்டு சரியா இறுகினது. அந்த வலியைக் கேட்டு இரக்கப்பட்டுத் தளர்த்துறவங்கதான் அதிகம்.

இன்னும் ரெண்டு விஷயம். அடிபட்ட கையில மோதிரம், வாட்ச் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடியே கழட்டிடணும். அவனே கேட்டாலும் குடிக்கத் தண்ணி குடுக்கக் கூடாது, மயக்க மருந்து குடுக்க வேண்டியிருக்கும். உதட்டை நனைச்சா போதும்.

இதுக்கு சம்பந்தமில்லாட்டியும் சொல்லிடறேன், பட்டறைக்காரங்க படிக்கிற இடம்கிறதால. கிரீஸ் கன்னோ ஹைட்ராலிக் ஹோஸோ பீச்சி விரல்ல ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி மட்டும் இருந்தா, ரத்தம் வரலைன்னு வேலையைப் பார்க்காதீங்க. எண்ணெய் விரலுக்குள்ளே, உள்ளங்கை வரைக்கும்கூட ஓடியிருக்கும். சில மணி நேரத்துல வீங்கிக் கறுக்கும். அன்னைக்கே, அந்த மணியே ஆஸ்பத்திரி. அந்தப் புள்ளியைக் காட்டி "ஒண்ணுமில்ல சிஸ்டர்"னு சிரிச்சவங்களுக்கு விரலை எடுத்ததைப் பார்த்திருக்கேன்.

---

ரூல் புக்:

எல்லாம் சரி. சுத்துற மெஷின்ல கிளவுஸ் போடக்கூடாதுங்கிறது முதல் நாள் பாடம். பதினாறு வருஷக்காரர் பாத்துட்டுத் திரும்பினா எப்படி? கணக்குப் போட்டுப் பாருங்க: 600 ஆர்.பி.எம்.னா செகண்டுக்கு 10 சுத்து, 50 எம்.எம். ஷாஃப்டுக்குச் சுற்றளவு 157 எம்.எம். ஒரு செகண்டுல ஒன்றரை மீட்டருக்கு மேல சுத்தி இழுக்கும். மனுஷன் கண்ணுல பட்டு கை அசையவே கால் செகண்டு ஆகும், அதுக்குள்ள ஒரு முழங்கை நீளம் உள்ள போயிருக்கும். எமரியைச் சுத்திப் போட்டுப் பிடிக்கிறதே தப்பு. மரக்கட்டையில ஒட்டி, ஃபைல் மாதிரி ரெண்டு பக்கமும் பிடிச்சு ஓட்டணும்.

---

மூணு விரல்:

ரூல் புக் தம்பி, கணக்கு சரி. ஆனா அவர் அதைத்தான் முதல்லயே சொல்லிட்டாரே. அவர் கேட்டது வேற.

டர்னர், என் பேரைப் பாத்தாலே தெரியும். பவர் பிரஸ், தகட்டை அடிச்சு வெட்டற மெஷின். பழைய கீ கிளட்ச் மாடல், பெடலை ஒருதரம் மிதிச்சா அடி முழுசா வந்துட்டுத்தான் மேல போகும், நடுவுல நிறுத்த முடியாது. டையில, அதாவது தகட்டை வெட்டற அச்சுல, ஒட்டின பீஸைத் தட்டி விடப் போனேன், கால் பெடல்லயே இருந்திருக்கு. தப்பு என்னுதுதான். இது உள்ள போனவன் பக்கத்துக் கதை, நீங்க வெளிய நின்னவர், அதனால சொல்றேன்.

வலி இல்ல. முதல் ஒரு நிமிஷம் சுத்தமா இல்ல. கை லேசாயிட்ட மாதிரி இருந்துது. விரலைத் தேடினேன். ஸ்கிராப் டப்பாவுல வாஷர் வாஷரா பளபளன்னு கிடக்கு, அதுக்குள்ள தேடறேன், பீஸ் எண்ணற மாதிரி. அது நல்லா ஞாபகம் இருக்கு. சுத்தி நின்னவங்க முகம் ஒண்ணும் ஞாபகம் இல்ல.

அப்ப நடந்ததை எனக்கு அப்புறம்தான் சொன்னாங்க. ஒருத்தன் நல்லெண்ணத்துல ஓடி வந்து, என் விரலை எடுக்கிறேன்னு டைக்குள்ள கையை விட்டிருக்கான். மோட்டார் ஆஃப், ஆனா ஃப்ளைவீல், அடிக்கு வேகம் குடுக்கற கனத்த சக்கரம், சுத்திட்டு இருக்கு. இன்னொருத்தன் என்னைத் தாங்க வந்த கால் பெடலுக்கு நாலு விரக்கடை தள்ளி. எங்க பெரியவர் ஒருத்தர், டூல் ரூம்ல இருந்தவர், "கையை எடுடா!"ன்னு போட்ட சத்தம் ரெண்டு ஷெட்டுக்குக் கேட்டுதாம். மெயினை இறக்கினார், பெடல் மேல ஒரு ஸ்டூலைக் கவுத்துப் போட்டு ஆளை நிறுத்தினார், வீல் நிக்கற வரைக்கும் யாரையும் கிட்ட விடல. நின்னப்புறம் ரெண்டு டைக்கு நடுவுல கட்டையை வச்சு, அதுக்கப்புறம்தான் எடுத்தார். ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும். என் விரலுக்கு அந்த ரெண்டு நிமிஷத்தால ஒண்ணும் ஆகல, அது ஏற்கனவே கூழ். ஆனா இன்னொருத்தன் கை தப்பிச்சுது.

நீங்க நின்ன அஞ்சு செகண்டைப் பத்தி இதனாலதான் சொல்றேன். உடனே பாஞ்சிருந்தா ஓடற சக்குல அவனைப் பிடிச்சு இழுத்திருப்பீங்க. உங்க சட்டைக் கையும் மாட்டியிருக்கும். நீங்க நின்னீங்க, அப்புறம் நேரா பட்டனுக்குப் போனீங்க. அவன் கைக்குப் போகல. யோசிச்சுப் பாருங்க.

எனக்கு அந்தப் பெரியவர்கிட்ட ஞாபகம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. என் கையைத் தூக்கித் தன் தோள் மேல வச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரி போற வரைக்கும் என் பேரைச் சொல்லிச் சொல்லி ஏதோ கேட்டுட்டே வந்தார். ஸ்கூல்ல எந்த பெஞ்சுல உக்காருவ, வாத்தியார் பேரு என்ன, இப்படி. ஒண்ணுக்கும் உருப்படியா பதில் சொல்லியிருக்க மாட்டேன். "விரல் ஒட்டிடும்"னு மட்டும் அவர் ஒருதரம்கூடச் சொல்லல. மத்த எல்லாரும் சொன்னாங்க.

---

சும்மா படிக்கிறவன்:

எனக்குப் பட்டறை அனுபவம் கிடையாது, மனோதத்துவம் படிச்சவன். ஒரு சின்னத் தகவல்.

1968-ல் லதானே, டார்லி என்ற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு அறைக்குள்ளே மெல்லப் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியா உட்கார்ந்திருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூட ரெண்டு பேர் கண்டுக்காத மாதிரி நடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தப்போ சொன்னவர்கள் 10 சதவீதம்தான். புகை கண்ணை மறைக்குது, பக்கத்து ஆள் சும்மா இருக்கான், அப்ப ஒண்ணுமில்ல போலன்னு மனசு முடிவு பண்ணிக்குது. அன்னைக்கு உங்களைச் சுத்தி யாராவது சும்மா நின்னிருந்தா, அவங்க கெட்டவங்க இல்ல. "யாராவது ஆம்புலன்ஸுக்குப் பண்ணுங்க"ன்னா அந்த யாராவது யாருமில்லாமப் போயிடும். "நீலச் சட்டை, நீ போன் பண்ணு, பண்ணிட்டு என்கிட்ட வந்து சொல்லு"ன்னா நடக்கும்.

---

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்:

மூணு விரல் ஐயா சொன்ன பெரியவரை எனக்கு வேலைக்கு எடுக்கணும் போல இருக்கு.

டர்னர் சார், இன்னொண்ணு விட்டுப் போச்சு. 1963-ல் ஷாங்காய்ல ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிக்கு மெஷின்ல முன்கையோட துண்டான வலது கையை சென் சோங்வெய்ங்கிற டாக்டரும் அவர் குழுவும் பொருத்திக் காட்டினாங்க. விரலுக்கு அப்பவும் அது முடியலை, குழாய் அவ்வளவு சின்னது. 1965-ல் ஜப்பான்லதான் முழுசாத் துண்டான ஒரு கட்டைவிரல் முதல்ல ஒட்டிச்சு. ரெண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குழாயைத் தைக்கிற வேலை அது. டாக்டர் "முடியாது"ன்னு சொன்னா அதை மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டுச் சொல்றார்னு வச்சுக்குங்க.

தூக்கத்தைப் பத்தி நீங்க எழுதின ஒரு வரியைப் பார்த்தேன். மூணு வாரம்கிறது இன்னும் இயல்புக்குள்ளேதான். ஒரு மாசம் தாண்டியும் அந்தச் சத்தம் கேட்டுத் தூக்கம் கலைஞ்சா, இல்லாட்டி அந்த இடத்தையே சுத்திப் போக ஆரம்பிச்சா, மனநல டாக்டரைப் பாருங்க. கையில அடிபட்டவனுக்குத்தான் டாக்டர்னு நினைக்காதீங்க.

---

பழைய டர்னர்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளா திரும்பத் திரும்பப் படிச்சேன். ரூல் புக்குக்கும் நன்றி, கோபமில்ல, என் மனசுல ஓடினதைத்தான் நீங்க எழுதியிருக்கீங்க.

நேத்து பையனைப் போய்ப் பாத்தேன். கையில ஸ்பிளின்ட், கட்டைவிரலும் அடுத்த ரெண்டு விரலும் வெளிய தெரியுது. லேசா அசைக்கறான். அஞ்சு செகண்டு நின்னதைச் சொன்னேன், சொல்லாம இருக்க முடியல. "நின்னீங்களாண்ணே? எனக்குத் தெரியாது"ன்னான். ஸ்பேனரைத் திருகினது மட்டும் தெரியுமாம். அது என்ன சைஸ்னு கேட்டான். 17னு சொன்னேன். சிரிச்சான், என்ன சிரிப்புன்னு புரியல. கிளவுஸைப் பாத்தும் சொல்லாததையும் சொல்ல நினைச்சுத்தான் போனேன். அவங்க அம்மா உள்ள வந்துட்டாங்க. வரல. அடுத்த தடவை சொல்லணும்.

பட்டறையில தூணுல ஒரு டப்பா மாட்டியாச்சு. நாலு விரல் அகலத் துணிப் பட்டை, திருகறதுக்கு ஒரு குச்சி, பேனா, பிளாஸ்டிக் கவர், சலைன் பாட்டில். சீனியர்கிட்ட தளர்த்தற விஷயத்தைச் சொன்னேன். "நாங்க படிச்சப்ப அப்படித்தான் சொன்னாங்க"ன்னார், அப்புறம் ரொம்ப நேரம் பேசல. எமரிக்குக் கட்டை ஒண்ணு நானே செஞ்சேன். பிரேக் லைனிங் மாத்தியாச்சு, ஒரு மணி நேர வேலை. ஒரு மணி நேர வேலைங்க அது.

அந்த மெஷினை இதுவரைக்கும் யாரும் ஓட்டல. ஷாஃப்ட் இன்னும் சக்குலயே இருக்கு, மேல லேசா துரு ஏறியிருக்கு. நாளைக்குக் காலை ஷிப்ட்ல நான் எடுத்து முடிக்கறேன்னு சொல்லியிருக்கேன்.